கல்லூரி வீரருக்குப் பணம்: வழக்குப் போட்டவரை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், அமெரிக்கக் கல்லூரிகள் தம் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியிருப்பது பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஒரு கல்லூரி 2025-26 ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்ற கணக்கும், 2025 ஜூன் மாதம் அதற்கான வழக்கு உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்த நீதிபதி கிளாடியா வில்கனின் பெயரும் சரியாகவே இருந்தன. ஆனால் காசு உள்ளே வந்ததும் மாணவர் விளையாட்டின் தூய்மை போய்விட்டது என்று கட்டுரையாளர் வருத்தத்தோடு முடித்திருந்தார். இத்தனைக்கும் வழி திறந்த வழக்கைப் போட்ட மனிதரின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. அவர் பெயர் எட் ஓபானன். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் 1995 வரை ஆடிய ஃபார்வர்டு, அதாவது முன்வரிசை ஆட்டக்காரர். அவருடைய விளையாட்டு வாழ்க்கையை அறிந்தவர் யாரும், காசு இப்போதுதான் உள்ளே வந்தது என்று எழுதமாட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய செரிடோஸில். இந்தப் பக்கத்துத் தமிழர்கள் புடவைக்கும் மளிகைக்கும் போகிற பயனியர் சாலைக் கடைவீதியிலிருந்து காரில் சில நிமிடம் போனால், லேக்வுட்டில் ஆர்டீசியா உயர்நிலைப் பள்ளி. ஓபானன் படித்தது அந்தப் பள்ளியில். 1990இல் அந்த அணிக்கு மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் வெளியே வந்தபோது, நாட்டில் உள்ள பள்ளி ஆட்டக்காரர்களில் முதல் வரிசையில் இருந்தார். ஆறடி எட்டங்குல உயரம், இடது கை ஆட்டம். அந்த உயரத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் வளையத்தடியிலேயே நின்றுவிடுவார்கள். இவர் வெளியே வந்து பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் செய்வார், தூரத்திலிருந்து போடவும் செய்வார். எங்கள் பகுதியில் அப்போது பையன் பையனாக அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அவர் போவதாகச் சொல்லியிருந்தது லாஸ் வேகஸில் உள்ள யு.என்.எல்.வி.க்கு. அந்த ஆண்டு தேசியப் பட்டம் வென்ற அணி அது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்தக் கல்லூரிக்குத் தடை விதித்ததும், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த யு.சி.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தார். 1990 அக்டோபரில், அணியின் பயிற்சி தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, சும்மா ஆடிக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில் எகிறிக் கீழே இறங்கினார். முழங்காலில் ஏ.சி.எல். என்ற நார் அறுந்துபோனது.

நான் பணி ஓய்வு பெறும்வரை பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தவள். என் வேலைக் காலத்தின் பெரும்பகுதி முழங்கால்களோடுதான் போனது. தங்கள் வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்கிச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ஓபானனின் கதை முழுவதும் இந்த மூட்டில்தான் நிற்கிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளுக்குள் இரண்டு நார்கள் குறுக்காகக் கட்டிப் பிடித்திருக்கின்றன. முன்னால் இருப்பதுதான் ஏ.சி.எல். சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. நேராக நடப்பதற்கு அது பெரிதாகத் தேவைப்படாது. ஓடும்போது சட்டென்று திரும்புவதற்கும், எகிறி ஒற்றைக் காலில் இறங்குவதற்கும் அது இல்லாமல் முடியாது. கூடைப்பந்தில் ஃபார்வர்டுக்கு இந்த இரண்டையும் விட்டால் வேறு வேலையே கிடையாது. அறுந்த நார் தானாக ஒட்டாது. வேறொரு நாரை எடுத்து எலும்பில் துளையிட்டுப் பொருத்த வேண்டும். ஓபானனுக்கு, இறந்துபோன ஒருவரிடமிருந்து எடுத்த நாரைப் பொருத்தினார்கள். மறுபடி ஆடுவாரா என்று மருத்துவர்களாலேயே உறுதி சொல்ல முடியவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு தொடைத் தசை எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். இரண்டே வாரத்தில் ஒரு தொடைக்கும் மறு தொடைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். முதலில் குதிகாலைப் படுக்கையிலிருந்து உயர்த்துவதே பெரிய வேலை. பிறகு முழங்காலை மடக்குவது, ஒவ்வொரு டிகிரியாக. வலியில் பற்களைக் கடிப்பார்கள், தலையணையைக் கடிப்பார்கள். பல மாதம் கழித்துப் பெட்டியின் மேலிருந்து இறங்கச் சொல்லும்போது, உடம்பு தயாராக இருந்தாலும் மனசு தயாராக இருக்காது. எல்லாருமே நல்ல காலை முதலில் ஊன்றுவார்கள். அந்தப் பயத்தைப் போக்குவதற்கு எந்தக் கருவியும் இல்லை. ஓபானன் ஒரு முழு ஆண்டு ஆடவில்லை. அடுத்த ஆண்டு, 1991-92இல், பெஞ்சிலிருந்து வந்து ஆட்டத்துக்குச் சராசரியாக நான்கு பாயின்ட்கூட எடுக்க முடியாமல் திணறினார்.

தங்கள் கட்டுரையாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டு உதவித்தொகை ஓராண்டுக்கு மட்டுமே. 1973இல் என்.சி.ஏ.ஏ. கொண்டுவந்த விதி அது. 2012 வரை பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கக் கல்லூரிக்கு அனுமதியே இல்லை. ஒவ்வொரு கோடையிலும் கோச் மனம்வைத்தால் புதுப்பிப்பார், இல்லாவிட்டால் இல்லை. முழங்கால் போன பையனைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் யு.சி.எல்.ஏ.வை யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது. அவர்கள் புதுப்பித்தார்கள், அது அவர்களுக்குப் பெருமை. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு கைப்பந்து வீராங்கனைக்கு, அதே அறுவை சிகிச்சை முடிந்த வசந்தத்தில், அடுத்த ஆண்டுக்கு உதவித்தொகை இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். அந்தப் பெண்ணின் அம்மா ஒவ்வொரு முறையும் கட்டணத்தைச் செக்கில் எழுதிக் கொடுக்கும்போது தேதியை இரண்டு வாரம் தள்ளிப் போட்டுக் கொடுப்பார். சம்பள நாள் வர வேண்டும். மாணவர் விளையாட்டின் தூய்மை என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்கு அந்தச் செக்குகள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஓபானன் மீண்டார். 1992-93 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 16 பாயின்ட்டுக்கு மேல், அடுத்த பருவத்தில் 18, கடைசிப் பருவத்தில் 20. ஆனால் 1994 தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே டல்சா அணியிடம் தோற்று அணி வீடு திரும்பியது. கோச் ஜிம் ஹாரிக்கை அனுப்பச் சொல்லி ஊரே கத்தியது. யு.சி.எல்.ஏ. ரசிகர்களுக்குப் பொறுமை குறைவு. ஜான் வுடன் என்ற மாபெரும் கோச் 1964 முதல் 1975 வரை பத்துப் பட்டம் வாங்கிக் கொடுத்த கல்லூரி. அவர் ஓய்வு பெற்றதிலிருந்து ஒன்றுமில்லை. இருபது ஆண்டுப் பசி.

1995 பருவத்தில் அந்த அணியைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆறடிக்கும் குறைவான கார்டு டையஸ் எட்னி, செக் நாட்டிலிருந்து வந்த உயரமான சென்டர் ஜார்ஜ் ஜீடெக், முதலாண்டுப் பையன் டோபி பெய்லி, ஓபானனின் தம்பி சார்ல்ஸ், எல்லாருக்கும் மூத்தவராக எட். இரண்டாம் சுற்றில் மிசௌரிக்கு எதிராக 4.8 விநாடி மீதி, ஒரு பாயின்ட் பின்தங்கிய நிலை. எட்னி மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே ஓட்டமாக ஓடிக் கூடையில் போட்டார். 75-74. அந்த ஓட்டத்தை இன்றும் ஒவ்வொரு மார்ச் மாதமும் தொலைக்காட்சியில் போட்டுக்கொண்டேயிருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, சியாட்டில் கிங்டோம். இறுதி ஆட்டம். எதிரே முந்தைய ஆண்டுச் சாம்பியன் ஆர்க்கன்சா. மைதானம் முழுக்க விரட்டி விரட்டி நெருக்கி, எதிரணியை மூச்சு வாங்க வைப்பது அவர்கள் பாணி. அந்த நெருக்கடியை உடைக்கக்கூடிய ஒரே ஆள் எட்னி. அவருக்கோ அரையிறுதியில் விழுந்து மணிக்கட்டு போய்விட்டது. மூன்று நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு வெளியே உட்கார்ந்துவிட்டார். கேமரன் டாலர் என்ற மாற்று ஆட்டக்காரரைக் கொண்டுதான் மிச்ச நேரத்தை ஓட்ட வேண்டும். அன்றைக்கு எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார யாருக்கும் இடமில்லை. என் கண் பந்தின் மேல் இல்லை, ஓபானனின் கால் மேல்தான் இருந்தது. ஒவ்வொரு ரீபவுண்டுக்கும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எகிறி, அறுவை செய்த காலையும் சேர்த்து இரண்டையும் சமமாக ஊன்றி இறங்கினார். இறங்கிய வேகத்திலேயே மறுபடி எகிறினார். நான் இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தும் அதைப்போல ஒருவர் இறங்கிப் பார்த்ததில்லை. 30 பாயின்ட், 17 ரீபவுண்ட். யு.சி.எல்.ஏ. 89, ஆர்க்கன்சா 78. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஜான் வுடன் விருதும் அவருக்கு. கல்லூரியில் அவர் எடுத்த மொத்தப் பாயின்ட் 1,815. அவருடைய 31ஆம் எண் ஜெர்சியை இனி யாரும் அணியக் கூடாது என்று யு.சி.எல்.ஏ. ஒதுக்கி வைத்துவிட்டது.

இனி காசுக்கு வருகிறேன். அந்தத் தேசியப் போட்டியை ஒளிபரப்பும் உரிமைக்கு சி.பி.எஸ். தொலைக்காட்சி 1989இல் ஏழு ஆண்டுக்கு 100 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் போட்டது. 1994இல் அதை நீட்டித்துப் போட்ட ஒப்பந்தம் 170 கோடிக்கும் மேல். அதாவது ஓபானன் அந்த 17 ரீபவுண்டுகளை எடுத்த இரவில் மைதானத்தின் கூரைவரை காசு நிறைந்திருந்தது. கோச்சுகளுக்கு ஷூ கம்பெனிகள் தனியே கொடுத்தன. கல்லூரிக் கடைகளில் பெயரில்லாமல் எண் மட்டும் போட்ட ஜெர்சிகள் விற்றன. ஆடியவருக்குக் கிடைத்தது கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம். அதற்கு மேல் யாராவது ஒரு வேளைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாலும் விதிமீறல். ஆண்டுதோறும் ஒரு படிவம் நீட்டுவார்கள். தன் பெயரையும் படத்தையும் போட்டியை விளம்பரப்படுத்தப் பயன்படுத்தலாம் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

கல்வியாவது முழுதாகக் கிடைத்ததா என்றால், ஓபானன் பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்னதைக் கேளுங்கள். வாரத்துக்கு 40 முதல் 45 மணி நேரம் கூடைப்பந்துக்கு, படிப்புக்கு ஏறக்குறைய 12 மணி நேரம். மாணவன் வேடம் போட்ட ஆட்டக்காரனாகத்தான் அங்கே இருந்தேன் என்றார். ஆடும் தகுதி போகாமல் இருக்க எவ்வளவு படிக்க வேண்டுமோ அவ்வளவே படித்தாராம். இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். பட்டம் பெறாமல் வெளியே வந்த அவர், ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு, நடுத்தர வயதில், குடும்பத்தையும் வேலையையும் வைத்துக்கொண்டு யு.என்.எல்.வி.யில் சேர்ந்து வரலாற்றில் பட்டம் வாங்கினார்.

தொழில்முறை ஆட்டம் அவருக்கு அமையவில்லை. தொழில்முறை அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1995 டிராஃப்ட்டில் நியூ ஜெர்சி நெட்ஸ் அணி அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்தது. என்.பி.ஏ. என்ற அந்தத் தொழில்முறை லீக்கில் வளையத்தடியில் முட்டி மோதும் ஃபார்வர்டுகளுக்கு முன்னால் எடை போதவில்லை, வெளியே ஓடும் ஃபார்வர்டுகளுக்கு முன்னால் வேகம் போதவில்லை. இரண்டாம் பருவத்தின் நடுவே டாலஸ் அணிக்கு மாற்றினார்கள். அதோடு என்.பி.ஏ. முடிந்தது. பிறகு இத்தாலி, ஸ்பெயின், அர்ஜென்டினா, போலந்து என்று ஊர் ஊராக ஆடிவிட்டு 2004இல் நிறுத்திக்கொண்டார். நிறைய சம்பாதித்துவிட்டுச் சும்மா இருந்தவர் வழக்குப் போட்டார் என்று இங்கேயும் சிலர் பேசினார்கள். உண்மை வேறு. அவர் லாஸ் வேகஸ் பக்கம் டொயோட்டா கார் ஷோரூமில் வேலைக்குப் போனார். தினமும் காலையில் போய்க் கார் விற்றார்.

வழக்கு பிறந்த கதையும் அந்த நாள்களில் நடந்ததுதான். நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த வீட்டுப் பையன் கல்லூரிக் கூடைப்பந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். திரையில் 1995 யு.சி.எல்.ஏ. அணி. வழுக்கைத் தலை, அதே உயரம், 31ஆம் எண், இடது கையால் எறிகிறது அந்த உருவம். பெயர் மட்டும் இல்லை. முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இதை இவ்வளவு கொடுத்து வாங்கினோம், உனக்கு ஒரு காசும் வரவில்லையே என்று நண்பர் சொன்ன பிறகுதான் உறைத்தது. கல்லூரியை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னமும் தன் இடது கையை யாரோ விற்கிறார்கள்!

ஷூ கம்பெனிகளில் பெரும் பொறுப்பில் இருந்து, பிறகு இந்த ஏற்பாட்டையே எதிர்க்கத் தொடங்கிய சன்னி வக்காரோ அவரைத் தேடி வந்தார். 2009 ஜூலையில், 36 வயதில், ஓபானன் என்.சி.ஏ.ஏ. மீதும், உரிமங்களை விற்ற நிறுவனம் மீதும் வழக்குத் தொடுத்தார். கேம் தயாரித்த ஈ.ஏ. நிறுவனமும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டது. போட்டியைக் கெடுக்கும் வகையில் எல்லாக் கல்லூரிகளும் கூடி வீரர்களின் விலையைப் பூஜ்யம் என்று நிர்ணயித்திருக்கின்றன என்பது வாதம். பின்னர் ஆஸ்கர் ராபர்ட்சன், பில் ரஸ்ஸல் போன்ற கூடைப்பந்து ஜாம்பவான்களும் வழக்கில் சேர்ந்தார்கள். ஐந்து ஆண்டு இழுத்து, 2014 ஜூனில் ஓக்லாந்து கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரணை. முதல் சாட்சி ஓபானன்.

விசாரணைக்குச் சற்று முன்னால் அவர் தரப்பு நஷ்ட ஈட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. விதியை மாற்ற வேண்டும் என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நீதிபதி முன் நின்றார்கள். தங்கள் வாசகர்கள் இதை அவசியம் அறிய வேண்டும். அந்த விசாரணையில் வென்றாலும் தனக்குப் பணமில்லை, பின்னால் வரும் பிள்ளைகளுக்குத்தான் என்று தெரிந்தே அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

2014 ஆகஸ்ட் 8 அன்று நீதிபதி வில்கன் 99 பக்கத் தீர்ப்பு வழங்கினார். என்.சி.ஏ.ஏ.வின் விதி சட்டவிரோதம். கல்லூரியில் படிக்க ஆகும் முழுச் செலவையும் தரலாம், அதற்கு மேல் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை வீரர் பெயரில் போட்டு வைத்துப் படிப்பு முடிந்ததும் கொடுக்கலாம் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அந்த 5,000 டாலரை நீக்கிவிட்டது, ஆனால் விதி சட்டத்துக்கு முரணானது என்ற முடிவை அப்படியே வைத்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. எனவே பாதி வெற்றி என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதுவரை என்.சி.ஏ.ஏ. வீரர்களுக்குப் பணம் தடுக்கும் தன் விதிகளுக்கு, நிறுவனங்கள் கூடிப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் பொருந்தாது என்றே பேசிக்கொண்டிருந்தது. பொருந்தும் என்று ஒருமுறை தீர்ப்பானதும் மதகு திறந்துவிட்டது. 2021 ஜூனில், கல்லூரி வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே, வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி தளர்ந்தது. தங்கள் கட்டுரை சொன்ன 2025 உடன்பாடு அதன் தொடர்ச்சி. ஆல்ஸ்டன் வழக்கை முதலில் விசாரித்ததும், இந்த உடன்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்ததும் அதே வில்கன்தான்.

வீடியோ கேம் விவகாரத்தில் ஈ.ஏ.வும் உரிம நிறுவனமும் 4 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. கல்லூரி கேம்களைத் தயாரிப்பதையும் ஈ.ஏ. நிறுத்திவிட்டது. கேம் போன கோபத்தில் நாடெங்கும் இளைஞர்கள் ஓபானனைத் திட்டித் தீர்த்தார்கள். 2024 ஜூலையில் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து கேம் மறுபடி கடைக்கு வந்தது. இம்முறை உண்மையான பெயர்கள், உண்மையான முகங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் ஒரு கேமும். 600 டாலர் குறைவுதான், நான் அதைப் பெரிதாகப் பேச வரவில்லை. ஆனால் முதலில் கேட்டுவிட்டு, பிறகு முகத்தைப் போட்டார்கள். 2009இல் ஒரு கார் விற்பனையாளர் கேட்டது அதைத்தான்.

2025 உடன்பாட்டில் எனக்கும் குறைகள் தெரிகின்றன. பகிரும் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. நீச்சல், ஓட்டம், பெண்கள் அணிகளுக்கு மிச்சம் மீதிதான். பழைய பாக்கியாகக் கொடுக்கும் சுமார் 280 கோடி டாலரும் 2016க்குப் பிறகு ஆடியவர்களுக்கே. 1995இல் 17 ரீபவுண்ட் எடுத்தவர் அந்தப் பட்டியலில் இல்லை. இவற்றைக் கட்டுரையாளர் கண்டித்திருந்தால் நானும் அவரோடு சேர்ந்து கண்டித்திருப்பேன். ஆடுகிறவனுக்குப் பங்கு போவதால் ஆட்டம் அசுத்தமாகிறது என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. கோச்சும் டி.வி.யும் ஷூ கம்பெனியும் வாங்கியபோது போகாத தூய்மை, பத்தொன்பது வயதுப் பிள்ளை வாங்கும்போது எப்படிப் போகும்?

கடைசியாக, நம் வாசகர்களைத் தொடுகிற ஒன்று. டென்னிஸ், ஸ்குவாஷ், நீச்சல் என்று விளையாட்டு உதவித்தொகையில் அமெரிக்கா வருகிற நம் பிள்ளைகள் எஃப்-1 மாணவர் விசாவில்தான் வருகிறார்கள். அந்த விசாவில் இருப்பவர் இங்கே இருந்துகொண்டு விளம்பரத்தில் நடித்துப் பணம் வாங்கினால், அனுமதியில்லாத வேலையாகக் கருதப்பட்டு விசாவே பறிபோகும் ஆபத்து உண்டு. 2022இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது வாங்கிய கென்டக்கி ஃபார்வர்டு ஆஸ்கர் ஷீப்வே காங்கோ நாட்டவர். தனக்கு வந்த ஒப்பந்தங்களை முடிக்க, அணி பஹாமாஸ் தீவுக்கு ஆடப் போனபோது அங்கேதான் வேலை செய்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்க மாணவர் வீட்டுக்குள்ளேயே வாங்கக்கூடிய பணத்துக்கு, இவர் கடல் தாண்ட வேண்டியிருந்தது. கல்லூரி நேரடியாகப் பகிரும் பணத்தை எஃப்-1 மாணவர் வாங்கலாமா என்பதிலும் குழப்பம் தீரவில்லை.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள். எட் ஓபானனைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் தனிக் கட்டுரை வெளியிடுங்கள். அதோடு, பிள்ளையை இங்கே விளையாட அனுப்பும் பெற்றோர் கையெழுத்துப் போடுவதற்கு முன் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவற்றைக் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கொண்டு விளக்கி எழுதச் செய்யுங்கள்: உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, அடிபட்டால் அது தொடருமா, அறுவை சிகிச்சைக்கும் அதற்குப் பிந்தைய பிசியோதெரபிக்கும் பணம் கட்டுவது யார், படிப்பு முடிந்து வெளியே போன பிறகும் அந்தக் காயத்துக்குக் கல்லூரி பொறுப்பேற்குமா, எஃப்-1 விசாவில் எந்தப் பணத்தை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது. முழங்கால் சம்பந்தப்பட்ட பகுதியை எழுத ஆள் தேவைப்பட்டால் நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட்,
செரிடோஸ், கலிஃபோர்னியா